கார் ஆம்ப்புக்கு எர்த்: பக்கத்துத் திருகா, கம்பெனி பாயின்ட்டா, பேட்டரி மைனஸா?

சென்னை ஜி.பி. ரோட்டுக் கடைகளில் காருக்கு ஆம்ப் (ஸ்பீக்கருக்குச் சக்தி தரும் ஆம்ப்ளிஃபையர்), சப்ஊஃபர் (பேஸ் ஸ்பீக்கர்) வாங்க வருபவர்கள் வாட்ஸைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள். சிவப்பு வயர் எவ்வளவு தடிமன், ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்றும் கேட்பார்கள். கறுப்பு வயரை, அதாவது எர்த்தை, எங்கே கொண்டுபோய் முடிக்கப் போகிறீர்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கடைப் பையன் டிக்கியில் கைக்கு எட்டிய ஒரு திருகைக் கழற்றி, அதன் அடியில் வயரைச் செருகி முறுக்கிவிடுவார். பாட்டு வரும், எல்லோருக்கும் சந்தோஷம். ஒரு மழைக்காலம் போன பிறகு ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போதெல்லாம் ஸ்பீக்கரில் 'ங்ங்ஙீ' என்று சத்தம் வரும். சத்தமாக வைத்தால் ஆம்ப் தானாக அணையும். பழி ஆம்ப் மேல் விழும்.

காரில் பிளஸ்ஸுக்குத்தான் தனித்தனி வயர். மைனஸுக்கு முழு பாடியும் ஒரே வயர் மாதிரி. பேட்டரியின் மைனஸிலிருந்து ஒரு தடித்த கேபிள் பாடிக்கும், இன்னொன்று இன்ஜினுக்கும் போகும். வெளியிலிருந்து வாங்கி மாட்டும் எந்தச் சாமானும் எடுக்கும் கரன்ட் முழுவதும் அந்தக் கறுப்பு வயர் வழியாகப் பாடிக்குள் இறங்கி, பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பியாக வேண்டும். போகும் பாதைக்கு இருக்கும் மரியாதை வரும் பாதைக்கும் வேண்டும். அதை எங்கே இணைப்பது என்பதற்கு நடைமுறையில் ஐந்து வழிகள் உண்டு. எல்லாச் சாமானுக்கும் ஒரே வழி சரிவராது.

முதலில் ஒரு கணக்கு. டிக்கியில் 500 வாட் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரும் வாட்) கிளாஸ்-டி மோனோ ஆம்ப் ஒன்று இருக்கிறது. திறன் 80 சதவீதம் என்று வைத்தால் 625 வாட் இழுக்கும். இன்ஜின் ஓடும்போது 13.8 வோல்ட், ஆக 45 ஆம்பியர். எர்த் இணைப்பில் வெறும் 0.01 ஓம் தடை இருந்தாலும் 0.45 வோல்ட் அங்கேயே தொலைந்துபோகும். 20 வாட் வெப்பம் அந்த ஒரு லக்கின் (வயர் நுனியில் மாட்டும் உலோக வளையம்) அடியில் உருவாகும். சிறிய சாலிடரிங் அயர்ன் ஒன்றைக் கார்ப்பெட்டுக்குக் கீழே சொருகி வைத்ததற்குச் சமம். அதே 0.01 ஓம் தடையை டாஷ்கேம் வயரில் வைத்துப் பாருங்கள். அது எடுப்பது ஒரு ஆம்பியருக்கும் குறைவு என்பதால் இழப்பு 0.01 வோல்ட்கூட வராது. அதனால் எர்த் எங்கே என்று முடிவெடுக்கும் முன் அந்தச் சாமான் எத்தனை ஆம்பியர் எடுக்கும் என்று பார்த்துவிடுங்கள். பாதி முடிவு அங்கேயே வந்துவிடும்.

பக்கத்துத் திருகு

நேரம் மிச்சம், வயர் மிச்சம். டாஷ்கேம், சின்ன எல்இடி போன்றவற்றுக்கு இது போதும், அந்தத் திருகு உண்மையில் பாடித் தகட்டில் இறங்கியிருந்தால். சிக்கலே அங்கேதான். இன்றைய கார்களில் கண்ணுக்குத் தெரியும் திருகுகளில் பல பிளாஸ்டிக் கிளிப்பில் இறங்குகின்றன. ரேடியேட்டரைத் தாங்கும் முன்பக்கக் குறுக்குச் சட்டமே பல மாடல்களில் பிளாஸ்டிக். டிக்கிக் கதவு, பானெட் இரண்டும் கீலில் தொங்குபவை. பெயின்டும் கிரீஸும் உள்ள கீல் வழியாகக் கரன்ட் ஒழுங்காகத் திரும்பும் என்று நம்ப முடியாது. இரும்புத் திருகு, இரும்புத் தகடு என்றே இருந்தாலும் நடுவில் பெயின்ட் இருக்கிறது. மரையின் ஓரத்தில் ஒட்டும் இரண்டு மூன்று புள்ளிகள் வழியாகத்தான் கரன்ட் போகும்.

சுயமாகத் துளை போட்டுக்கொண்டு இறங்கும் ஸ்க்ரூ இன்னும் மோசம். முக்கால் மில்லிமீட்டர் தகட்டில் அதற்குக் கிடைப்பது ஒன்றிரண்டு மரைதான். வண்டி அதிர அதிரத் தளரும். ஆம்ப்புக்கு இந்த வழி வேண்டவே வேண்டாம்.

இந்த இடத்தில் ஒன்றைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பின்சீட்டுக்குக் கீழே பெரிய, தடித்த, நேராகப் பாடியில் இறங்கும் போல்ட் ஒன்று கண்ணில் படும். சீட் பெல்ட் போல்ட். பார்த்தால் எர்த்துக்கென்றே செய்தது போல இருக்கும், பலர் அதில்தான் கொடுக்கிறார்கள். கொடுக்காதீர்கள். விபத்தில் ஓர் ஆளின் எடையைப் பல மடங்காகத் தாங்க வேண்டிய போல்ட் அது. அதற்கென்று கணக்கிட்ட முறுக்கு உண்டு, மரையில் தளராமல் இருக்கப் பசைப் பூச்சும் இருக்கும். நடுவில் செம்பு லக்கைச் சொருகினால் அந்தப் பிடிப்பு மாறிவிடும். அந்தப் பூச்சும் பெயின்டும் சேர்ந்து எர்த்தையும் சரியாகத் தராது. சீட் தண்டவாளத்தின் போல்ட்டுக்கும் இதே விதி.

கம்பெனி எர்த் பாயின்ட்

ஒவ்வொரு காரிலும் கம்பெனியே வைத்த எர்த் இடங்கள் உண்டு. பாடியோடு வெல்டு செய்த ஸ்டட் அல்லது நட், அதில் கறுப்பு அல்லது பழுப்பு வயர்கள் சேர்ந்து ஒரு லக்கில் முடிந்திருக்கும். டாஷ்போர்டுக்குக் கீழே கால் வைக்கும் பக்கத் தகட்டில், டெயில் லைட்டுக்குப் பின்னால், இன்ஜின் அறையில் ஃபெண்டரின் உள்சுவரில் தேடினால் கிடைக்கும். துளை போடும் வேலை இல்லை, துருத் தொல்லை குறைவு, வெல்டு நட்டில் பிடிப்பும் நன்றாக இருக்கும். கேமரா, டாஷ்கேம், பார்க்கிங் சென்சார், சாதாரண ஸ்டீரியோ, கூடுதல் ஹாரன் வரைக்கும் இதுதான் என் முதல் தேர்வு.

இதற்கும் எல்லை உண்டு. அந்த ஸ்டட்டில் ஏற்கனவே யார் குடியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஏர்பேக் யூனிட், இன்ஜின் ஈசியூ (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்), ஏபிஎஸ் பிரேக் இவற்றின் எர்த் முடியும் இடத்தில் 45 ஆம்பியர் ஆம்ப்பைச் சேர்த்தால், பேஸ் அடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தின் மின்னழுத்தம் கொஞ்சம் எழும்பி இறங்கும். சில சென்சார்கள் மில்லிவோல்ட் கணக்கில் பேசுபவை. எந்த நேரத்தில் எந்த வார்னிங் விளக்கு எரியும் என்று யாராலும் சொல்ல முடியாது. இன்னொன்று, ஹார்னஸின் (கம்பெனி வயர்க் கட்டின்) நடுவில் ஓடும் கறுப்பு வயரை வெட்டி அதில் முறுக்கிக் கட்டுவதைக் கம்பெனி பாயின்ட்டில் கொடுத்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. அந்த வயர் அதன் சொந்த விளக்குக்கு அளந்து போட்டது.

முன்பக்க விளக்குகளுக்கு இந்த வழி மிகவும் பொருந்தும். 100/90 வாட் பல்பு ஒரு ஜோடி போட்டால் ஹை பீமில் 16, 17 ஆம்பியர் போகும். ரிலே கிட் (விளக்குக்குப் பேட்டரியிலிருந்து நேராகக் கரன்ட் தரும் சுவிட்ச் செட்) போடுகிறவர்கள் 30, 85, 86, 87 என்று எண் போட்ட நான்கு காலையும் சரியாக இணைத்துவிட்டு, கிட்டோடு வந்த குட்டை எர்த் வயரைப் பெயின்ட் அடித்த ஃபெண்டர் திருகில் மாட்டிவிடுகிறார்கள். விளக்கு மங்கல், 'பல்பு டூப்ளிகேட்' என்று புகார். எச்4 பல்பில் இரண்டு இழைக்கும் எர்த் ஒன்றுதான். அது சரியில்லாவிட்டால் கரன்ட் வேறு வழி தேடி அடுத்த இழைக்குள்ளோ பக்கத்துப் பல்புக்குள்ளோ திரும்பிப் போகும். பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் லேசாக எரிகிறது, ஹை பீம் போட்டால் பார்க்கிங் விளக்கு மங்குகிறது என்றெல்லாம் யாராவது சொன்னால் வயரிங் முழுவதையும் பிரிக்க வேண்டாம். முதலில் அந்த விளக்குக் கூட்டின் எர்த்தைப் பாருங்கள்.

புதிதாக ஒரு பாடி பாயின்ட்

டிக்கியில் ஆம்ப் வைப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். ஆம்ப்பிலிருந்து அரை மீட்டருக்குள் பாடியின் அடித்தகட்டில், முடிந்தால் இரண்டு தகடுகள் சேர்ந்து தடித்த இடத்தில், ஒரு துளை. 8 மில்லிமீட்டர் போல்ட், கீழிருந்து நட். அடியில் கை போகாவிட்டால் ரிவ்நட் (மேலிருந்தே துளையில் பொருத்தும் நட்).

துளை போடும் முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். பெரும்பாலான ஹேட்ச்பேக்குகளில் பெட்ரோல் டாங்க் பின்சீட்டுக்கு நேர் கீழே இருக்கிறது. பிரேக் பைப்பும் பெட்ரோல் பைப்பும் அதே பக்கமாகத்தான் ஓடும். ஸ்டெப்னி குழியின் ஓரம் பொதுவாகப் பாதுகாப்பான இடம், ஆனால் தண்ணீர் தேங்கும் அடிமட்டத்தில் வேண்டாம்.

துளையைச் சுற்றி லக் உட்காரும் அளவுக்கு மட்டும் பெயின்டையும் அடியில் உள்ள பிரைமரையும் உப்புத்தாளால் தேய்த்து வெள்ளி நிறத் தகடு தெரிய வைக்க வேண்டும். அப்புறம் வரிசை: தகடு, அதன்மேல் நேராக லக், அதன்மேல் ஸ்டார் வாஷர், கடைசியில் போல்ட்டின் தலை. நிறையப் பேர் தகட்டுக்கும் லக்குக்கும் நடுவில் ஒரு ஸ்டெயின்லெஸ் வாஷரை வைத்துவிடுகிறார்கள். செம்பைவிடப் பல மடங்கு தடை உள்ள உலோகம் அது, அதை ஏன் கரன்ட் போகும் பாதையில் உட்கார வைக்க வேண்டும்? முறுக்கி முடித்த பிறகு எல்லாவற்றின் மேலும் கிரீஸோ வாசலினோ தடவி, அடிப்பக்கம் துத்தநாக ஸ்பிரேயும் சீலரும் அடித்துவிட வேண்டும். தேய்த்த இடத்தை மூடாமல் விட்டால் உப்புக்காற்று அடிக்கும் தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் ஒரே மழைக்காலத்தில் துரு ஏறிவிடும். துரு தகட்டையும் தின்னும், எர்த்தையும் கெடுக்கும்.

லக்கைக் கிரிம்ப் கருவியால் அமுக்குங்கள், சுத்தியலால் தட்டித் தட்டையாக்க வேண்டாம். வயரையும் பார்த்து வாங்குங்கள். மலிவான ஆம்ப் கிட்டுகளில் வருவது பெரும்பாலும் செம்புப் பூச்சுள்ள அலுமினியம். ஒரு இழையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அதே தடிமனுள்ள சுத்தச் செம்பைவிட அதன் தடை ஒன்றரை மடங்குக்கு மேல். அதைத்தான் போடுவீர்கள் என்றால் ஒரு சைஸ் பெரியதாகப் போடுங்கள். எதுவானாலும் எர்த் வயர் பிளஸ் வயரைவிட மெல்லியதாக இருக்கவே கூடாது.

இந்த வழிக்கு ஒரே எதிர்ப்பு, 'புது வண்டியில் துளையா?' என்பதுதான். நியாயமான எதிர்ப்பு. வாரன்டி காலம் முடியாத வண்டியில் சர்வீஸ் சென்டர் இதைக் காட்டிக் கைவிரிக்க வாய்ப்பு உண்டு. அப்படியானால் டிக்கியில் இருக்கும் கம்பெனி வெல்டு நட் ஏதாவது காலியாக இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பல மாடல்களில் மேல் வேரியன்ட்டுக்கென்று வைத்த நட் கீழ் வேரியன்ட்டில் சும்மா இருக்கும்.

நேராகப் பேட்டரி மைனஸ்

'பாடியை நம்பாதே, பேட்டரியிலிருந்தே இரண்டு கேபிள் இழுத்துவிடு' என்பது பல ஆட்டோ எலக்ட்ரீஷியன்களின் வாக்கு. கேட்கச் சுத்தமாக இருக்கும். கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

இரும்பின் மின்தடை செம்பைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு. ஆனால் அடித்தகட்டை 0.7 மில்லிமீட்டர் தடிமன், 1.2 மீட்டர் அகலம் என்று கொண்டால் குறுக்குவெட்டு 840 சதுர மில்லிமீட்டர் வருகிறது. பத்தால் வகுத்தால் 84 சதுர மில்லிமீட்டர் செம்புக்குச் சமம். பக்கச் சட்டங்கள், கூரை எல்லாம் இதில் சேரவில்லை. கடையில் இழுப்பது 16 ஸ்கொயர் எம்எம் கேபிள். ஐந்து மீட்டர் நீளத்துக்கு அதன் தடை 0.0055 ஓம், 45 ஆம்பியரில் கால் வோல்ட் இழப்பு. நல்ல இணைப்போடு பாடி வழியாக வந்தால் இழப்பு இதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆக டிக்கி ஆம்ப்புக்கு நேர் கேபிள் கூடுதல் செலவு, குறைந்த பலன்.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஸ்டார்ட்-ஸ்டாப் (சிக்னலில் நின்றால் இன்ஜின் தானாக அணைந்து மறுபடி ஓடும் வசதி) அல்லது மைல்டு ஹைபிரிட் வண்டியாக இருந்தால் பேட்டரி மைனஸ் டெர்மினலைக் கவனியுங்கள். டெர்மினலோடு ஒட்டி ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியும் அதிலிருந்து மெல்லிய வயர்களும் தெரிந்தால், அது பேட்டரிக்குள் எவ்வளவு கரன்ட் போகிறது, எவ்வளவு வெளியே வருகிறது என்று எண்ணும் சென்சார். ஆம்ப்பின் எர்த்தை நேராகப் பேட்டரி முனையில் மாட்டினால் அந்தக் கரன்ட் சென்சாரைத் தாண்டிப் போய்விடும், கணக்கில் வராது. பேட்டரி பாதி காலியான பிறகும் நிறைந்திருப்பதாக வண்டி நினைத்துக்கொள்ளும். சார்ஜிங் தப்பும், ஸ்டார்ட்-ஸ்டாப் முரண்டு பிடிக்கும். இத்தகைய வண்டியில் மைனஸ் கேபிள் பாடியில் முடியும் இடத்தில், அதாவது சென்சாருக்கு அந்தப் பக்கம்தான் எர்த் கொடுக்க வேண்டும்.

இன்னொரு ஆபத்து பழைய வண்டிகளில். பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் கேபிள் தளர்ந்தோ துருப்பிடித்தோ போனால், விளக்கு, மோட்டார், ஃபேன் எல்லாவற்றின் கரன்ட்டும் பேட்டரிக்குத் திரும்ப வேறு வழி தேடும். ஆம்ப் மட்டும் நேராகப் பேட்டரியில் இருந்தால் அந்த வழி எது தெரியுமா? ஸ்டீரியோவின் பாடி எர்த், அங்கிருந்து ஆர்சிஏ கேபிளின் (ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் கேபிள்) மெல்லிய உலோக மேலுறை, அங்கிருந்து ஆம்ப், கடைசியாக அந்தப் புதுக் கேபிள். ஆர்சிஏவின் மேலுறை அதைத் தாங்காது, ஸ்டீரியோவுக்குள் இருக்கும் எர்த் தடம் எரிந்துபோகும்.

பேட்டரிக்குப் பக்கத்திலேயே இன்ஜின் அறையில் மாட்டும் ஏர் ஹாரன் கம்ப்ரசர், பெரிய விளக்குகள் போன்றவற்றுக்கு, வண்டியில் அந்த சென்சார் இல்லாவிட்டால், நேர் மைனஸ் பரவாயில்லை. கேபிள் அரை மீட்டரில் முடிந்துவிடும்.

எர்த் பிளாக்

இரண்டு ஆம்ப், ஒரு டிஎஸ்பி (ஒலியைச் சீர்செய்யும் பெட்டி) என்று டிக்கி நிறைந்தவர்களுக்கு மட்டும் இது. எல்லாச் சாமானின் எர்த்தும் ஒரு பித்தளைக் கட்டையில் சேர்ந்து, அங்கிருந்து ஒரே தடித்த கேபிள் பாடி பாயின்ட்டுக்குப் போகும். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு இடத்தில் எர்த் கொடுத்தால் இடத்துக்கு இடம் சில மில்லிவோல்ட் வித்தியாசம் வரும். அந்த வித்தியாசம் ஆர்சிஏ மேலுறை வழியாக ஓடி, ஆல்டர்னேட்டரின் (பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஜெனரேட்டர்) ஓசையாக ஸ்பீக்கரில் வரும். பிளாக் இதை டிக்கிக்குள் தீர்த்துவிடும். முன்னால் இருக்கும் ஸ்டீரியோவுக்கும் இதற்கும் இடையிலான வித்தியாசம் அப்படியே இருக்கும். அதைக் குறைக்க நல்ல பாடி பாயின்ட்தான் வழி. ஆர்சிஏ நடுவில் மாட்டும் ஐசொலேட்டர் டப்பி சத்தத்தை நிறுத்தும், கூடவே அடிமட்ட பேஸையும் கொஞ்சம் விழுங்கும். ஒரே ஒரு ஆம்ப் வைத்திருப்பவருக்குப் பிளாக் இணைப்புகளை இரட்டிப்பாக்கும் வீண் செலவு.

அளந்து பார்ப்பது

கடையில் மல்டிமீட்டரை 'பீப்' சத்தத்தில் வைத்து, 'சார், எர்த் சூப்பர்' என்று காட்டுவார்கள். அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. தலைமுடி அளவு செம்பு இழை ஒன்று ஒட்டியிருந்தாலும் பீப் அடிக்கும். 45 ஆம்பியரை அந்த இழை தாங்காது.

சரியான சோதனை சுமையோடு செய்வது. இன்ஜின் ஓட வேண்டும், ஆம்ப்பில் 50 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன் சத்தமாக ஓட வேண்டும். மீட்டர் டிசி 2 வோல்ட் ரேஞ்சில். ஒரு முனை பேட்டரியின் மைனஸ் ஈய முனையில், கிளாம்ப்பில் இல்லை. மறுமுனை ஆம்ப்பின் எர்த் திருகில். டிக்கியிலிருந்து பேட்டரி வரை எட்ட ஒரு நீள வயர் வேண்டும், மெல்லியதே போதும். 0.1 வோல்ட்டுக்குள் வந்தால் அருமை. 0.2 வரை ஏற்கலாம். 0.5 காட்டினால் எங்கேயோ கோளாறு, அடுத்து அது எங்கே என்று பிரிக்க வேண்டும்: பேட்டரி முனையிலிருந்து பாடி போல்ட், பாடியிலிருந்து உங்கள் லக், லக்கிலிருந்து ஆம்ப் திருகு. எந்தத் துண்டில் எண் எகிறுகிறதோ அங்கே வேலை.

இப்படிப் பிரித்துப் பார்க்கும்போது பல பழைய வண்டிகளில் குற்றவாளி டிக்கியில் இருப்பதில்லை. பேட்டரிக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கும் கம்பெனிக் கேபிளில்தான் இழப்பு. அந்த வண்டிக்கு மேலே சொன்ன ஐந்தில் எதைத் தேர்ந்தாலும் பலன் இல்லை. பேட்டரியிலிருந்து பாடிக்கு ஒன்று, இன்ஜினிலிருந்து பாடிக்கு ஒன்று என 25 ஸ்கொயர் எம்எம் செம்புக் கேபிள் இரண்டைப் பழையதற்குப் பக்கத்தில் கூடுதலாகப் போட்டால், ஸ்டார்ட்டிங்கும் ஹெட்லைட்டும்கூடத் தேறும். மொத்தமே ஒன்றரை மீட்டர் கேபிள். புது ஆம்ப்புக்குப் பணம் எடுத்துவைக்கும் முன் செய்ய வேண்டிய வேலை இது.

வேலை தொடங்கும் முன் பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் பொறுங்கள். ஏ-பில்லரில் (முன்கண்ணாடிக்குப் பக்கத்துத் தூண்) டாஷ்கேம் வயர் ஓட்டுகிறவர்கள் கர்ட்டன் ஏர்பேக் உள்ள வண்டியில் அதன் மடிப்புக்கு முன்னால் வயரைத் தொங்கவிடாமல், பின்னால் ஒதுக்கிக் கட்ட வேண்டும். எலக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்களுக்கும் இதுவரை சொன்னது பொருந்தும், அதில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரியைப் பொறுத்தவரை. அந்தப் பக்கத்துக்குப் பாடிதான் எர்த். ஆரஞ்சு நிற உறையுள்ள கேபிள்கள் வேறு உலகம். அவை பாடியோடு சேராமல் தனியாக இன்சுலேட் செய்யப்பட்டவை. அவற்றின் பக்கம் துளை போடும் மெஷினைக் கொண்டுபோகவே கூடாது.